டென்னிஸ் ரிச்சி: வேலை செய்யாத சிடியும் 27 வரி ஃபோர்க்கும்

ஓஎஸ் லேப்ல சொந்தமா ஒரு சின்ன ஷெல் எழுதச் சொல்லியிருப்பாங்க. இன்னும் சொல்லலைன்னா அடுத்த செமஸ்டர்ல சொல்லுவாங்க. ப்ராம்ப்ட் காட்டணும், ஒரு வரியை வாங்கணும், அதை வார்த்தை வார்த்தையா பிரிக்கணும். ஃபோர்க் போட்டு ஒரு சைல்ட் ப்ராசஸ் உண்டாக்கணும். சைல்ட் எக்ஸெக் கூப்பிட்டு கமாண்டா மாறணும், பேரண்ட் வெயிட்ல காத்திருக்கணும். சைல்ட் முடிஞ்சதும் திரும்பவும் ப்ராம்ப்ட். அவ்வளவுதான். சி மொழியில நூறு வரிக்குள்ள அடங்கிடும். எல்எஸ் அடிச்சா லிஸ்ட் வரும், டேட் அடிச்சா தேதி வரும், நாமளே ஒரு டெர்மினல் செஞ்சுட்ட மாதிரி சந்தோஷமா இருக்கும்.

அப்புறம் சிடி அடிப்பீங்க. அப்படி ஒரு ஃபைலே இல்லைன்னு எர்ரர் வரும். தேடிப் பார்த்தா, சிடி ஒரு பில்ட்-இன், அதை ஷெல்லுக்குள்ளயே எழுதணும்னு ஒரு வரி பதில் கிடைக்கும். பல பேர் அதை எழுதிட்டு ரெக்கார்ட் நோட்டுல கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுவாங்க. வைவால எக்ஸ்டர்னல் 'ஏன்?'னு கேட்டா மட்டும்தான் சிக்கல்.

இந்த 'ஏன்'ல உலகத்திலேயே முதல்ல மாட்டிக்கிட்டவங்க யூனிக்ஸை உருவாக்கினவங்களேதான். மாட்டிக்கிட்டதை மறைக்காம, எப்படிக் குழம்பினோம், எப்படி வெளியே வந்தோம்னு பின்னாடி உட்கார்ந்து எழுதி வெச்ச மனுஷர் ஒருத்தர் இருந்தார். டென்னிஸ் மக்அலிஸ்டர் ரிச்சி. நீங்க அவரை கெர்னிகன் ரிச்சி புத்தகத்தோட அட்டையில பார்த்திருப்பீங்க, சி மொழியை உருவாக்கினவர்னு ஒரு மார்க் கேள்விக்குப் படிச்சிருப்பீங்க. ஆனா உங்க ஷெல் அசைன்மெண்ட்டுக்கு அவர் சி மொழியை விடவும் நெருக்கமானவர்.

பிறந்தது 1941 செப்டம்பர் 9, நியூயார்க் மாநிலத்தில் உள்ள பிராங்க்ஸ்வில். அப்பா அலிஸ்டர் ரிச்சி பெல் லேப்ஸ்ல வேலை பார்த்த விஞ்ஞானி. டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சுகளோட அடிப்படையான ஸ்விட்சிங் சர்க்யூட்களை வடிவமைப்பது பற்றி வந்த ஒரு முக்கியமான புத்தகத்தின் ஆசிரியர்கள்ல அவரும் ஒருத்தர். குடும்பம் நியூ ஜெர்சியில் சம்மிட் என்ற ஊருக்குக் குடிபோச்சு, டென்னிஸ் பள்ளி முடிச்சது அங்கேதான். பெல் லேப்ஸ் இருந்த மர்ரே ஹில் அங்கிருந்து கிட்டத்துல. பின்னாடி நாற்பது வருஷம் அவர் வேலை பார்க்கப்போற இடமும் அதுவே.

ஹார்வர்டில் இளநிலையில் படிச்சது இயற்பியல், முடிச்சது 1963ல். பிறகு அங்கேயே பயன்பாட்டுக் கணிதத்தில் ஆராய்ச்சி மாணவரா சேர்ந்தார். அவர் ஆய்வு எதைப் பற்றின்னு ஒரு நிமிஷம் நின்னு பார்க்கலாம். ஒரு சின்ன மொழியை எடுத்துக்குங்க. அதில் லூப் உண்டு, ஆனா எத்தனை தடவை சுத்தணும்ங்கிறது லூப்புக்குள்ள நுழையும்போதே தெரிஞ்சிருக்கணும், நடுவுல மாத்த முடியாது. அப்படிப்பட்ட மொழியில் எழுதின எந்த ப்ரோகிராமும் எப்பவாவது ஒருநாள் கண்டிப்பா நின்னுடும். ஒரு லூப்புக்குள்ள இன்னொரு லூப், அதுக்குள்ள இன்னொண்ணுன்னு அடுக்கிக்கிட்டே போனா என்னென்ன கணக்கிட முடியும், அதுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? இதுதான் கேள்வி. ஆல்பர்ட் மேயருடன் சேர்ந்து இதே விஷயத்துல 1967ல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பேப்பர் எழுதினவங்களுக்கு இது எவ்வளவு கனமான வேலைன்னு புரியும்.

ஆய்வேடு 1968ல் தயார். ஆனா பட்டம் வாங்கலை. பைண்டு பண்ணின ஒரு பிரதியை நூலகத்துக்குக் கொடுத்தாதான் பட்டம் என்பது ஹார்வர்டின் விதி, அந்தப் பிரதியை அவர் கடைசி வரைக்கும் கொடுக்கவே இல்லை. பைண்டிங் செலவை யார் ஏத்துக்கிறதுங்கிற தகராறுதான் காரணம்னு மேயர் பல வருஷம் கழிச்சு நினைவுகூர்ந்திருக்கார். காரணம் எதுவா இருந்தாலும், வாழ்நாள் பூரா அவர் பேருக்கு முன்னாடி டாக்டர் பட்டம் வரலை. அரியரை முடிக்கிறதையே வாழ்க்கைப் பிரச்சினையா பார்க்கிற நமக்கு, எழுதி முடிச்ச ஆய்வேட்டை ஒருத்தர் அப்படியே வெச்சுட்டுப் போனார்ங்கிறது ஜீரணிக்கக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும்.

1967லேயே பெல் லேப்ஸ்ல சேர்ந்தாச்சு. அப்போ எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூணு பேரும் சேர்ந்து மல்டிக்ஸ்னு ஒரு பெரிய டைம்-ஷேரிங் சிஸ்டம் கட்டிக்கிட்டு இருந்தாங்க. ஷெல் என்ற சொல் வந்தது அந்தப் பக்கத்திலிருந்துதான். லூயி பூஸான் என்ற பிரெஞ்சுக்காரர் எம்ஐடியில் வேலை பார்த்தப்ப, கமாண்டுகளை ஒரு ஃபைல்ல எழுதி வரிசையா ஓட்டுற ரன்காம் என்ற ப்ரோகிராமை முதல்ல எழுதினார். அப்புறம், கமாண்டைப் படிச்சு ஓட்டுறதையே ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வெளியே ஒரு சாதாரண ப்ரோகிராமா வெச்சா என்னன்னு யோசிச்சு, அதுக்கு ஷெல்னு பேர் வெச்சார். உங்க ஹோம் டைரக்டரியில் புள்ளியில ஆரம்பிக்கிற பேஷ்ஆர்சி ஃபைல் இருக்கே, அந்த 'ஆர்சி' ரன்காமோட மிச்சம்தான்.

மல்டிக்ஸ் இழுத்துக்கிட்டே போச்சு, 1969ல் பெல் லேப்ஸ் விலகிடுச்சு. ரிச்சியோட கூட வேலை பார்த்த கென் தாம்சனுக்கு அது பெரிய ஏமாற்றம். ஓரமா கிடந்த பழைய பிடிபி-7 ஒண்ணு அவர் கையில கிடைச்சது. 18 பிட் வேர்ட், மொத்த மெமரி 8 ஆயிரம் வேர்ட். இன்னிக்கு நீங்க அனுப்புற ஒரு ஸ்டிக்கர் கூட அதுல அடங்காது. அந்தக் கோடையில் மனைவி குழந்தையை எடுத்துக்கிட்டு ஊருக்குப் போயிருந்த மூணு வாரத்துல, எடிட்டர், அசெம்ப்ளர், கெர்னலும் ஷெல்லும்னு எழுதி முடிச்சார் தாம்சன். யூனிக்ஸ் பிறந்தது இப்படி.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடணும். முதல் யூனிக்ஸ் ஷெல்லை எழுதினது தாம்சன், ரிச்சி இல்லை. ரிச்சியே தன்னோட எல்லா எழுத்துலயும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கார். ஃபைல் சிஸ்டம் எப்படி இருக்கணும், டிவைஸ்களையும் ஃபைல் மாதிரியே காட்டினா என்னன்னு கரும்பலகையில் சேர்ந்து யோசிச்சதுல அவர் பங்கு பெரிசு. ஆனா நம்ம கதைக்கு முக்கியம் வேற. அந்த ஷெல் ஏன் அப்படி ஆச்சுங்கிறதை அடுத்த தலைமுறைக்குப் புரிய வெச்சவர் அவர். 1979ல் யூனிக்ஸின் பரிணாமம் பற்றி அவர் எழுதின கட்டுரை மட்டும் இல்லைன்னா, கீழே சொல்லப்போற எதுவும் நமக்குத் தெரிஞ்சிருக்காது.

அந்த முதல் ஷெல்லுக்கு ஃபோர்க் கிடையாது. ஆச்சரியமா இருக்கா? ஒரு டெர்மினலுக்கு ஒரே ஒரு ப்ராசஸ். ரெண்டு டெர்மினல் இருந்தது, அதனால மொத்தமே ரெண்டு ப்ராசஸ். நீங்க கமாண்ட் அடிச்சதும், ஷெல் அந்த ஃபைலைத் திறக்கும். ஒரு குட்டி ப்ரோகிராமை மெமரியோட உச்சியில காப்பி பண்ணி அதுக்குத் தாவும். அந்தக் குட்டி, கமாண்டை எடுத்து ஷெல் இருந்த இடத்து மேலேயே எழுதிடும். அதாவது ஷெல் தன்னைத்தானே அழிச்சுக்கிட்டு கமாண்டுக்கு இடம் கொடுக்கும். கமாண்ட் வேலையை முடிச்சு எக்ஸிட் கூப்பிட்டதும், சிஸ்டம் டிஸ்க்கிலிருந்து புதுசா ஒரு ஷெல்லை எடுத்து அதே இடத்துல போடும். வாடகை வீடு மாதிரி, ஒருத்தர் காலி பண்ணினாதான் அடுத்தவர் குடிவரலாம்.

இதுல ஒரு வசதியும் இருந்தது. டைரக்டரி மாத்துற கமாண்டுக்கு அப்போ சிஎச்டிஐஆர்னு பேர். அது எல்எஸ் மாதிரியே வெளியே இருந்த ஒரு சாதாரண ப்ரோகிராம். அது இருக்கிற ஒரே ப்ராசஸோட டைரக்டரியை மாத்தும், எக்ஸிட் ஆகும். புது ஷெல் அதே ப்ராசஸ்ல வந்து உட்காரும். மாத்தின டைரக்டரி அப்படியே இருக்கும்.

கொஞ்ச நாள்ல இந்த ஏற்பாட்டோட குறைகள் தெரிய ஆரம்பிச்சது. கமாண்ட் ஃபைல் ஓட்டுறது கஷ்டம், ஒரு வேலை ஓடும்போது இன்னொண்ணு பண்ண முடியாது. தீர்வு, பெர்க்லியில் உருவான ஒரு டைம்-ஷேரிங் சிஸ்டத்தில் ஏற்கனவே இருந்த ஃபோர்க். எப்படிச் சேர்த்தாங்கங்கிறதுதான் அழகு. ரெண்டு டெர்மினலுக்கும் ரெண்டு ப்ராசஸ் மாறி மாறி ஓடணுமே, அதுக்காக ஒரு ப்ராசஸை டிஸ்க்குக்கு எடுத்து வைக்கிற வசதி கெர்னல்ல முன்னாடியே இருந்தது. ஓடுற ப்ராசஸை அதே வசதியால டிஸ்க்குல ஒரு காப்பி எடுத்து வெச்சு, ப்ராசஸ் டேபிளைப் பெரிசாக்கி, அதுல கொஞ்சம் திருத்தினா முடிஞ்சது. ஃபோர்க் தயார். பிடிபி-7 அசெம்ப்ளியில் அது சரியா 27 வரி. நீங்க கிளாஸ்ல பக்கம் பக்கமா படிக்கிற ஃபோர்க், இருந்ததை வெச்சே சுலபமா முடிஞ்ச ஒண்ணு. எக்ஸெக் வேலையை முன்னாடியே ஷெல்தான் பண்ணிக்கிட்டு இருந்தது. அதனால ஃபோர்க் தனி, எக்ஸெக் தனின்னு ரெண்டா அமைஞ்சது. பல சிஸ்டங்கள்ல புது ப்ராசஸ் உண்டாக்குறதும் புது ப்ரோகிராமை ஏத்துறதும் ஒரே கால். இங்கே மட்டும் நடுவுல ஒரு இடைவெளி.

அந்த இடைவெளியை உங்க கோடுல பாருங்க. ஃபோர்க் ஆனதுக்கப்புறம், எக்ஸெக் ஆகிறதுக்கு முன்னாடி, சைல்டுக்குள்ள ஓடுறது இன்னும் உங்க ஷெல்லோட கோடுதான். அங்கே ஃபைல் டிஸ்கிரிப்டர் 1-ஐ மூடி, அதே எண்ணில் வேற ஒரு ஃபைலைத் திறந்தா, அவுட்புட் ரீடைரக்ஷன் ரெடி. '>' குறிக்குப் பின்னாடி நடக்கிறது அவ்வளவுதான். எல்எஸ்ஸுக்கு எதுவும் தெரியாது, அது பாட்டுக்கு 1-ல எழுதிட்டுப் போகும். '&' இன்னும் சுலபம், வெயிட்டைக் கூப்பிடாம விட்டுட்டா கமாண்ட் பின்னணியில் ஓடும்.

ஃபோர்க் வந்தாச்சு, எல்லாரும் சந்தோஷம். ஆனா சிஎச்டிஐஆர் வேலை செய்யலை. கமாண்ட் அடிச்சா எர்ரர் இல்லை, ஒண்ணும் இல்லை, இருந்த டைரக்டரியிலேயே இருக்கு. ஃபோர்க்கைச் சேர்த்தது எப்படி இந்த கமாண்டைக் கெடுத்திருக்க முடியும்னு கோடைத் திரும்பத் திரும்பப் படிச்சுக் கவலையோட யோசிச்சிருக்காங்க. கடைசியில பிடிபட்ட உண்மை இதுதான். கமாண்ட் சரியாத்தான் வேலை செஞ்சது. தன் ப்ராசஸோட டைரக்டரியை ஒழுங்கா மாத்துச்சு. ஆனா அது இப்போ ஒரு சைல்ட். மாத்தின கையோட செத்துப் போச்சு. பேரண்டா இருந்த ஷெல்லுக்கு எதுவும் மாறலை. அதனால அந்த ஒரு கமாண்டை ஷெல்லுக்குள்ளேயே கொண்டுவர வேண்டியதாச்சு. லாகினுக்கும் இதே கதி. உங்க சிடி பில்ட்-இன் ஆனது இப்படித்தான். உங்க ஷெல்ல வேணும்னே சைல்டுக்குள்ள சிஎச்டிஐஆர் சிஸ்டம் காலைக் கூப்பிட்டுப் பாருங்க, அவங்க முழிச்ச அதே முழியை நீங்களும் முழிக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு, இது கொஞ்சம் நுணுக்கமானது. ஒரு ஃபைல்ல எல்எஸ், அடுத்த வரியில ஹூன்னு ரெண்டு கமாண்ட் எழுதி, அதை ஷெல்லுக்குக் கொடுத்து, மொத்த அவுட்புட்டையும் ஒரு ஃபைலுக்கு ரீடைரக்ட் பண்றீங்க. எல்எஸ் எழுதினதுக்குக் கீழே ஹூ எழுதணும். ஆனா ஹூ வந்து எல்எஸ் எழுதினது மேலேயே எழுதிச்சு. ஏன்? ஃபைல்ல எந்த இடம் வரைக்கும் எழுதியாச்சுங்கிற கணக்கு ஒவ்வொரு ப்ராசஸுக்குள்ளயும் தனித்தனியா இருந்தது. எல்எஸ் தன் கணக்கை நகர்த்திட்டுச் செத்துடுச்சு. ஷெல்லோட கணக்கு பூஜ்யத்துலயே நிக்குது, அடுத்த சைல்டுக்குப் போனதும் அந்தப் பூஜ்யம்தான். அதனால அந்தக் கணக்கை ப்ராசஸுக்கு வெளியே, சிஸ்டத்துக்குப் பொதுவான ஒரு டேபிளுக்கு மாத்தினாங்க. ஓஎஸ் பாடத்துல பெர்-ப்ராசஸ் டேபிள், சிஸ்டம்-வைடு டேபிள்னு ரெண்டு பெட்டி வரைஞ்சு அம்புக்குறி போடுவீங்களே, அந்த ரெண்டாவது பெட்டி வந்த கதை இது. படம் வரையச் சொல்லித் தர்றவங்க இதையும் சேர்த்துச் சொன்னா மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியமே இருக்காது.

இந்த மாற்றத்தால ஒரு வேடிக்கையும் நடந்தது. தாம்சனோட ஷெல்ல கோட்டூ என்பது ஷெல்லுக்கு வெளியே இருந்த தனி ப்ரோகிராம். ஸ்க்ரிப்ட் ஃபைலோட படிக்கும் இடம் ஷெல்லுக்கும் சைல்டுக்கும் பொது ஆயிடுச்சில்லையா? கோட்டூ அந்த ஃபைல்ல லேபிளைத் தேடிப் பிடிச்சு, இடத்தை அங்கே நகர்த்திட்டுச் செத்துடும். ஷெல் அடுத்த வரியைப் படிக்கப் போனா, புது இடத்திலிருந்து படிக்கும். டைரக்டரி மாத்தின சைல்ட் பேரண்டைத் தொட முடியலை. ஃபைல் இடத்தை மாத்தின சைல்ட் தொட்டுடுச்சு.

மத்த விஷயங்கள் உங்களுக்கு ஓரளவு தெரிஞ்சதுதான், வேகமா போயிடலாம். காப்புரிமைப் பிரிவுக்கு டைப்செட்டிங் வசதி செஞ்சு தர்றோம்னு சொல்லி பிடிபி-11 வாங்கினாங்க. முதல் மேனுவல் 1971 நவம்பர் 3ஆம் தேதியிட்டது. தாம்சனோட பி மொழியை எடுத்து, டைப்புகள் சேர்த்து, ரிச்சி அதை சி ஆக்கினார். 1973ல் கெர்னலையே சி-யில் திருப்பி எழுதினாங்க, அதனாலதான் யூனிக்ஸ் ஒரு மெஷினை விட்டு இன்னொரு மெஷினுக்குப் போக முடிஞ்சது. அதே வருஷம் வந்த மூன்றாம் பதிப்பு மேனுவல்ல பைப் இருக்கு. ப்ரோகிராம்களைக் குழாய் மாதிரி ஒண்ணோட ஒண்ணு இணைக்கணும்னு 1964லிருந்தே சொல்லிக்கிட்டு இருந்தவர் டக் மெக்கில்ராய். தாம்சன் ஒரே ராத்திரியில அதைச் செஞ்சு முடிச்சார். முதல்ல பைப்புக்கும் '>' குறியையே போட்டுக் குழப்பம் ஆகி, அப்புறம்தான் நமக்குத் தெரிஞ்ச நிமிர்ந்த கோடு வந்தது. கெர்னிகனோட சேர்ந்து எழுதின சி புத்தகம் 1978ல். ட்யூரிங் விருது 1983ல், தாம்சனோட சேர்ந்து.

ஆள் எப்படின்னா, அமைதியானவர், கூச்ச சுபாவம். மதியத்துக்கு மேல ஆபீஸ் வந்து, ராத்திரி நேரம் கழிச்சு வேலை பார்க்கிற பழக்கம். கல்யாணம் பண்ணிக்கலை. லாகின் பேர் டிஎம்ஆர், கூட வேலை பார்த்தவங்களுக்கு அவர் பேரே அதுதான். செட்யூஐடி என்ற பாதுகாப்பு வசதிக்குக் காப்புரிமை அவர் பேர்ல 1979ல் கிடைச்சது, பிறகு அது பொதுப் பயன்பாட்டுக்கே விடப்பட்டது. 2007ல் ஓய்வு பெற்றார்.

2011 அக்டோபர் 12, நியூ ஜெர்சியில் பெர்க்லி ஹைட்ஸ் என்ற ஊர்ல, தனியா வாழ்ந்த வீட்டில் அவர் இறந்து கிடந்தது தெரியவந்தது. வயசு 70. அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்திருந்தார், உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் அந்தச் செய்தியில மூழ்கியிருந்தன. ரிச்சியோட மரணம் முதல்ல வெளியே தெரிஞ்சதே, பழைய சகா ராப் பைக் வலைத்தளத்தில் எழுதின ஒரு சின்னக் குறிப்பால. ரெண்டு பேரையும் தராசுல வெச்சு நிறுத்துப் பார்க்கிற பதிவுகள் வருஷா வருஷம் அக்டோபர்ல சுத்தும். எனக்கு அதுல உடன்பாடு இல்லை, ரெண்டும் வேற வேற வேலை. உங்க கையில இருக்கிற ஃபோன் ஆண்ட்ராய்டா இருந்தாலும் ஐஃபோனா இருந்தாலும், உள்ளே ஃபோர்க் இருக்குங்கிறது மட்டும் போதும்.

அந்த ஆய்வேடு என்னாச்சுன்னு கேட்பீங்க. பல வருஷம் அது எங்கேன்னே தெரியாம இருந்தது. அவர் இறந்ததுக்கப்புறம் குடும்பத்தார் தேடினதுல ஒரு பிரதி கிடைச்சது. 2020ல் கலிஃபோர்னியாவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் அதை எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டுது. டைப்ரைட்டர்ல அடிச்சது, ஏறத்தாழ 180 பக்கம். இப்போ யார் வேணும்னாலும் டவுன்லோடு பண்ணலாம். பைண்டிங்தான் கிடையாது.